தோத்துக் கொடுத்தவங்க: ரெஸ்லிங்ல மறக்க முடியாத சில ராத்திரிகள்

எங்க அப்பாயி தான் அத முதல்ல கண்டுபிடிச்சாங்க. 2004 வாக்குல, கோத்தகிரி பக்கம் டேன்டீ, அதாவது அரசு தேயிலைத் தோட்டத்து தொழிலாளர் லயன் வீடுகள்ல, எங்க வரிசைக்கே ஒரு வீட்ல தான் கேபிள் கனெக்‌ஷன், அந்த வீட்ல டென் ஸ்போர்ட்ஸ்ல ரெஸ்லிங் ஓடுற நேரத்துக்கு நாங்க பத்து பன்னெண்டு பசங்க பாய் விரிச்சு இடிச்சுப் புடிச்சு உக்காந்திருப்போம், வெளிய பனி மூடி அடுத்த வீட்டு வாசல் கூட தெரியாது. அப்பாயி கொழுந்து எடுத்துட்டு வந்து, அட்டை கடிச்ச கால்ல சுண்ணாம்பு தடவிக்கிட்டே கதவு கிட்ட நின்னு எட்டிப் பாத்தாங்க. டிவில ஒருத்தன் இன்னொருத்தன தோளுக்கு மேல தூக்கி டமால்னு போடுறான். நாங்க கத்துறோம். அப்பாயி மட்டும் நிதானமா சொன்னாங்க, "ஏண்டா தம்பி, அவன் எங்க தூக்குறான், இவன்ல ஏறிக்கிறான்"னு.

எங்களுக்கு அப்போ கோவம் தான் வந்துச்சு. ஆனா அவங்க சொன்னது அனுபவத்துல சொன்னது. கொழுந்து மூட்டைய ஒருத்தர் தலைக்கு ஏத்தி விடுறப்ப, தூக்கி விடுறவங்க பலம் பாதி தான், வாங்கிக்கிறவங்க முட்டிய மடக்கி சரியான நேரத்துல நிமிரணும், இல்லன்னா ரெண்டு பேருக்கும் இடுப்பு போயிரும். முப்பது வருஷம் மூட்ட தூக்குனவங்களுக்கு எது பொணக் கனம், எது தானா ஏறுற கனம்னு பாத்த உடனே தெரிஞ்சிருச்சு. டிவில பாத்தோமே, அப்படி தூக்கிப் போடுறதுக்கு பேர் பாடிஸ்லாம், அது வேலை செய்யுறதே அப்படித்தான். தூக்கப்படுறவர் லேசா ஒரு துள்ளு துள்ளுவாரு, ஒரு கைய தூக்குறவரோட தொடையில ஊன்றி தன் எடைய தானே மேல தள்ளுவாரு, கீழ வர்றப்ப தாடைய நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டு முதுகு முழுசும் ஒரே நேரத்துல படுற மாதிரி விழுவாரு, கையால தரைய அடிப்பாரு. அடி ஒரே எடத்துல எறங்காம ஒடம்பு முழுக்க பரவுறதுக்குத் தான் அது. கீழ இருக்குறது மெத்தை கிடையாது, இரும்புச் சட்டம், அதுக்கு மேல பலகை, அதுக்கு மேல ஒரு மெல்லிசு பஞ்சு, மேல கேன்வாஸ் துணி, அவ்ளோதான். யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க, ஆனா அந்த விழுறது இருக்கே, அது நூத்துக்கு நூறு நிஜம்.

இத ஏன் சொல்றேன்னா, ரெஸ்லிங்ல மறக்க முடியாத தருணம்னு யார் பேசுனாலும் ஜெயிச்சவர் பேர் தான் வரும், ஹோகன் தூக்குனாரு, ஆஸ்டின் அடிச்சாரு, லெஸ்னர் முடிச்சாருன்னு. இத்தனை வருஷமா பாத்துட்டு எனக்கு தோணுறது வேற, இந்த ஆட்டத்துல ஒரு ராத்திரிய காலத்துக்கும் நிக்க வைக்கிறது ஜெயிச்சவர் இல்ல, ஏறிக் கொடுத்தவர், தோத்துக் கொடுத்தவர் தான். கூடவே, கொடுக்க மாட்டேன்னு ஒருத்தர் நின்னா என்ன ஆகும்ங்கிறதும் இந்த கதையோட பெரிய பங்கு.

மொதல்ல, முடிவ எழுதி வைக்கணும்னு ஏன் ஆச்சு? அதுக்கு நம்ம நாட்டு காமா பயில்வான்கிட்ட போகணும். 1910 செப்டம்பர் 10, லண்டன். காமாவும் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவும் மோதுறாங்க, நிஜ மல்யுத்தம். ஸ்பிஸ்கோ ஆரம்பத்துலயே கீழ விழுந்தாரு, அப்புறம் தரையோட ஒட்டிக்கிட்டு எந்திரிக்கவே இல்ல, ரெண்டரை மணி நேரத்துக்கு மேல அப்படியே போச்சு, முடிவே இல்லாம நிறுத்துனாங்க. அடுத்த வாரம் திரும்ப மோதணும், ஸ்பிஸ்கோ வரவே இல்ல, காமாவுக்கு பட்டத்த கொடுத்தாங்க. 1928ல பாட்டியாலாவுல மறுபடி மோதுனப்ப காமா ஒரு நிமிஷத்துக்குள்ள முடிச்சாரு, அது வேற பெருமை. ஆனா டிக்கெட் வாங்கி வந்தவன் நெலமைய யோசிங்க, ஒருநாள் ரெண்டரை மணி நேரம் ஒருத்தர் குப்புற படுத்து கெடக்குறத பாக்கணும், இன்னொரு நாள் உக்காருறதுக்குள்ள முடிஞ்சு போகும். அமெரிக்காவுல 1920கள்ல எட் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட்னு மூணு பேர் சேந்து இத மாத்துனாங்க, நேரக் கணக்கு, வேகமான புடி, கதை மாதிரி ஏத்த எறக்கம், முடிவு முன்னாடியே பேச்சு. இன்னைக்கு நாம பாக்குற ரெஸ்லிங்கோட அச்சு அங்க தான் வார்த்தது.

முடிவு தெரிஞ்ச ஒண்ண எப்படி பாக்குறீங்கன்னு கேக்குறவங்களுக்கு எங்க லயன்ல மாசி மாசம் நடக்குற காமன் கூத்த தான் காட்டுவேன். சிலோன்ல இருந்து தாத்தா காலத்துல வந்தவங்க கூடவே கொண்டு வந்த கூத்து. மன்மதன சிவன் எரிக்கப் போறாருன்னு அங்க நிக்கிற அஞ்சு வயசு புள்ளைக்கும் தெரியும், ஒவ்வொரு வருஷமும் எரிச்சுத் தான இருக்காரு. அப்புறம் ரதி வேஷம் கட்டுன ஆளு தலைய விரிச்சுப் போட்டு ஒப்பாரி ஆரம்பிச்சா பொம்பளைங்க முந்தானையால கண்ண தொடச்சுக்குவாங்க. யாரும் அங்க போய் இது நிஜமான்னு கேக்க மாட்டாங்க. மன்மதனா வர்றவரு எவ்வளவு அழகா, எவ்வளவு திமிரா வர்றாரோ அவ்வளவு தூரம் அந்த சாவு நம்மள உலுக்கும். தோக்குறவரோட வேலை அது.

1971 ஜனவரி 18, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். புரூனோ சமார்டினோ 1963 மே மாசத்துல இருந்து சாம்பியன், ஏழரை வருஷத்துக்கு மேல ஒரே ஆளு. இத்தாலில இருந்து பொழைக்க வந்த குடும்பம், அந்த ஊர்ல கூலி வேலை பாக்குற வந்தேறி சனத்துக்கெல்லாம் அவர் தான் வீட்டுப் புள்ள. அன்னைக்கு இவான் கோலாஃப், ரஷ்யாக்காரர்னு சொல்லி எறக்கி விட்ட ஆளு, நிஜத்துல கனடாக்காரர், ரிங்கோட மேல் கயித்துல இருந்து முட்டியால குதிச்சு புரூனோவ பின் பண்ணாரு, அதாவது மூணு எண்ணுற வரைக்கும் தோள தரையோட அமுக்கிப் புடிச்சாரு. மூணு எண்ணி முடிச்சதும் அந்த அரங்கத்துல சத்தமே இல்ல. காது தான் அடைச்சிருச்சு போலன்னு நெனச்சேன்னு கோலாஃப் பின்னாடி சொன்னாரு, அப்படி ஒரு அமைதி, அப்புறம் தான் ஜனங்க அழுறது கேட்டுச்சாம். மூணு வாரத்துல கோலாஃப் சாம்பியன் பெல்ட்ட பெத்ரோ மொராலஸ் கிட்ட தோத்தாரு. புரூனோ கிட்ட இருந்து வாங்கி மொராலஸ் கைல சேக்குறது தான் அவருக்கு கொடுத்த வேலை, ஒரு பாலம் மாதிரி. அந்த அமைதிய மட்டும் நெனவுல வச்சுக்கோங்க, 43 வருஷம் கழிச்சு அது திரும்ப வரும்.

இப்போ எல்லாரும் சொல்ற அந்த ராத்திரி. 1987 மார்ச் 29, மிச்சிகன்ல பான்டியாக் சில்வர்டோம், ரெசில்மேனியா 3, டபிள்யூ டபிள்யூ எஃப் கம்பெனி வருஷத்துக்கு ஒரு தடவ நடத்துற பெரிய ஷோ. கூட்டம் 93,173னு கம்பெனி கணக்கு, அவ்வளவு இல்லன்னு இன்னைக்கும் வாதம் நடக்குது, எவ்வளவா இருந்தாலும் கண்ணுக்கு எட்டுன வரைக்கும் தலை தான். ஹல்க் ஹோகன், எதிர்ல ஆந்த்ரே த ஜெயன்ட், 520 பவுண்டுன்னு அறிவிப்பாங்க, கிட்டத்தட்ட 236 கிலோ. பதினஞ்சு வருஷமா தோக்காதவர், யாரும் தூக்காதவர்னு விளம்பரம், ரெண்டுமே உண்மை இல்ல, 1980லயே ஹோகனே அவர தூக்கிப் போட்டிருக்காரு. ஆனா விஷயம் அதுல இல்ல. ஆந்த்ரேவுக்கு ஒடம்பு வளந்துக்கிட்டே போற நோய், முந்தின வருஷம் தான் முதுகுல ஆபரேஷன் ஆயிருந்துச்சு, அன்னைக்கு போட்டிருந்த கருப்பு ட்ரெஸ்ஸுக்குள்ள முதுகுக்கு பட்டை கட்டிட்டு தான் ரிங்குக்கு வந்தாரு. நடக்குறதே வலி. ஆந்த்ரே மனசு வைக்கலன்னா உலகத்துல எந்த கொம்பனும் அவர தூக்க முடியாது, அன்னைக்கு அவர் என்ன செய்வாருன்னு எனக்கு கடைசி வரைக்கும் தெரியாதுன்னு ஹோகன் பல தடவ சொல்லிருக்காரு.

அந்த மேட்ச இப்போ போட்டுப் பாருங்க, ஆட்டம்னு பாத்தா மெதுவா தான் இருக்கும், அதே நாள்ல ஸ்டீம்போட்டும் சாவேஜும் ஆடுன மேட்ச் இதவிட பத்து மடங்கு நேர்த்தி, ரசனை உள்ளவங்க அத தான் கொண்டாடுவாங்க, நானும் தான். ஆனாலும் ஆரம்பத்துல ஹோகன் தூக்கப் பாத்து முடியாம ஆந்த்ரே அவர் மேலயே சாயுறாரு பாருங்க, அங்க கதை முழுசும் இருக்கு. ஒரு தடவ முடியலன்னு காட்டினா தான் அடுத்த தடவ முடிஞ்சதுக்கு மதிப்பு. கடைசில ஹோகன் தூக்குறப்ப ஆந்த்ரே கைய பாருங்க, அந்த ஒடஞ்ச முதுகோட அவர் ஏறிக் கொடுக்குறாரு. விழுந்து, ஹோகன் குதிச்சு கால மேல போடுற லெக் டிராப் வாங்கி, மூணு எண்ண விட்டுட்டு, ஒரு சின்ன வண்டில உக்காந்து போறாரு, ஜனங்க குப்பைய வீசுறாங்க. ஆறு வருஷத்துல, 1993 ஜனவரில, பாரிஸ்ல இறந்துட்டாரு. ஹோகன் 2025 ஜூலைல போனப்ப உலகம் பூரா எல்லாரும் போட்டது அந்த தூக்குன படத்த தான். அந்தப் படத்துல எனக்கு எப்பவும் மேல இருக்குறவர் தான் கண்ணுக்கு தெரியுவாரு.

கொடுக்க மாட்டேன்னு சொன்னா? 1997 நவம்பர் 9, மான்ட்ரியால். இத கொஞ்சம் பின்னணியோட தான் சொல்லணும். அப்போ டபிள்யூ டபிள்யூ எஃப்புக்கும் எதிர் கம்பெனி டபிள்யூ சி டபிள்யூவுக்கும் திங்கக்கெழம ராத்திரி டிவில நேருக்கு நேர் போட்டி, 83 வாரம் தொடர்ந்து டபிள்யூ சி டபிள்யூ தான் முன்னாடி. டபிள்யூ டபிள்யூ எஃப் முதலாளி வின்ஸ் மக்மேனுக்கு பணக் கஷ்டம், சாம்பியன் பிரெட் ஹார்ட்டுக்கு எழுதிக் கொடுத்த 20 வருஷ கான்ட்ராக்ட்ட தாங்க முடியாது, நீ அந்தப் பக்கமே போயிருன்னு அவரே சொல்லிட்டாரு. சாம்பியன் பெல்ட் மட்டும் இங்கயே இருக்கணும். 1995 டிசம்பர்ல தான் இவங்களோட பெண்கள் சாம்பியன் பெல்ட்டோட அந்த சேனலுக்கு போயி, நேரலைல குப்பைத் தொட்டில போட்டாங்க, அந்த பயம் வின்ஸுக்கு. பிரெட் கனடாக்காரர், அந்த ஊருக்கு அவர் தலைவர் மாதிரி, கனடாவுல வச்சு, அன்னைக்கு எதிர்ல ஆடுற ஷான் மைக்கேல்ஸ் கிட்ட தோக்க மாட்டேன், வேற எங்க வேணும்னாலும் கொடுத்துட்டு போறேன்னாரு. கடைசி முப்பது நாளைக்கு தன் கதைய தானே முடிவு பண்ற உரிமையும் கான்ட்ராக்ட்ல இருந்துச்சு. சரி, மேட்ச் கலாட்டாவுல முடியட்டும்னு பேசி ஒத்துக்கிட்டாங்க.

மேட்ச் நடுவுல ஷான், பிரெட்டோட சொந்தப் புடியான ஷார்ப்ஷூட்டர, கால மடக்கி முறுக்குற புடி அது, பிரெட்டுக்கே போடுறாரு. அத பிரெட் திருப்பணும், அது தான் திட்டம். அதுக்குள்ள ரிங் பக்கத்துல நின்ன வின்ஸ் மணிய அடின்னு கத்துறாரு, ரெஃப்ரி ஏர்ல் ஹெப்னர் சைகை காட்டுறாரு, மணி அடிக்குது, ரெஃப்ரி ஓடியே போயிட்டாரு. பிரெட் டேப் பண்ணவே இல்ல, அதாவது தோத்துட்டேன்னு கையால தட்டிக் காட்டவே இல்ல. அந்த முகத்த நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன், ஒரு நாலு செகண்டு அவருக்கு புரியல, புரிஞ்சதும் வின்ஸ் மூஞ்சில எச்சில துப்புறாரு, டிவி மானிட்டர ஒடைக்கிறாரு, காத்துல விரலால எதிர் கம்பெனி பேர எழுதுறாரு. உள்ள போயி வின்ஸ ஒரே குத்து, அது எழுதி வச்ச குத்து இல்ல. அந்த நேரம் ஒரு டாக்குமெண்டரி குழு பிரெட் கூட இருந்ததால பாதி விஷயம் பதிவாவே இருக்கு.

பிரெட் பண்ணது தப்பா சரியான்னு எங்க கூட்டத்துல இன்னைக்கும் ரெண்டு கட்சி. வேலைய விட்டுப் போறவன் தோத்துட்டு போறது இந்த தொழில்ல பழைய மரபு, அத நான் மதிக்கிறேன். ஆனா தோல்வின்னா ஒருத்தர் மனசார கொடுக்குறது, அத திருடி வாங்குனா அந்த ஆட்டத்தோட அடி ஆதாரமே போகுது, ஏன்னா எதிராளி கைல என் கழுத்த கொடுக்குறேன் அவன் ஒடைக்க மாட்டான்ங்கிற நம்பிக்கைல தான் இந்த மொத்த தொழிலும் நிக்குது. நான் பிரெட் பக்கம். வின்ஸ் அந்த வெறுப்பையே மூலதனம் ஆக்கி தானே வில்லன் முதலாளியா திரைல வந்தாரு, தொழிலாளியா ஸ்டோன் கோல்ட் ஆஸ்டின் அவர அடிச்சாரு, மேனேஜர்கிட்ட பேச்சு வாங்குன ஒவ்வொருத்தரும் கைதட்டுனாங்க, கம்பெனி பொழச்சுக்கிச்சு. பிரெட்டும் ஷானும் கை குலுக்க 2010 ஜனவரி வரைக்கும் ஆச்சு.

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க், இத சுருக்கமா சொல்றேன், ஏன்னா இத சந்தோஷமா என்னால சொல்ல முடியல. 16 அடி கூண்டு மேல இருந்து அண்டர்டேக்கர் மேன்கைண்ட, அதாவது மிக் ஃபோலிய, கீழ மேசை மேல தூக்கி எறிஞ்சாரு. அது பேசி வச்சது. ஃபோலி ஸ்ட்ரெச்சர்ல இருந்து எறங்கி திரும்ப ஏறுனாரு, மேல அண்டர்டேக்கர் கழுத்தப் புடிச்சு தூக்கி சோக்ஸ்லாம் போட்டதும் கூண்டோட கூரை பிச்சுக்கிட்டு உள்ள விழுந்தாரு, அது யாரும் பேசி வைக்காதது. கூடவே விழுந்த சேர் மூஞ்சில அடிச்சு பல்லு ஒடஞ்சு மூக்குக்குள்ள போயிருந்துச்சு. அப்படியும் எந்திரிச்சு ஆடி, ஒழுங்கா தோத்துட்டு தான் போனாரு. அடுத்த வருஷம் மே 23, பிரெட்டோட தம்பி ஓவன் ஹார்ட் கான்சாஸ் சிட்டில மேல இருந்து கயித்துல எறங்குற காட்சிக்கு போயி கொக்கி விடுபட்டு ரிங்ல விழுந்து இறந்தாரு, 34 வயசு. ஷோவ நிறுத்தல, தொடர்ந்து நடத்துனாங்க. அது மறக்கக் கூடாத ராத்திரி, அவ்வளவு தான் என்னால சொல்ல முடியும்.

நாங்க டிவில பாக்க ஆரம்பிச்சது இதுக்கெல்லாம் அப்புறம். எங்களுக்கு மொதல்ல வந்தது ரெஸ்லர்ங்க படம் போட்ட டிரம்ப் கார்டு, மார்க்கெட் கடைல வாங்கி உயரம், எடை, ரேங்க்னு மோதுவோம், அண்டர்டேக்கர் கார்டு வச்சிருந்தவன் அன்னைக்கு ராஜா. அவருக்கு ஏழு உயிர், ஏழு தடவ செத்து வந்தவருன்னு ஒரு கதை, அத கூடலூர் பையனும் சொல்வான் கொடைக்கானல் பையனும் சொல்வான், யார் கெளப்புனதுன்னு யாருக்கும் தெரியாது.

அதனால தான 2006 எங்களுக்கு பெரிய வருஷம். ஏப்ரல்ல ஒரு வெள்ளிக்கெழம ஷோல, ஏழடி உயரத்துல ஒருத்தர் நடந்து வந்து அண்டர்டேக்கர் தலைல ஒரே அடி, அவர் சரிஞ்சாரு. கிரேட் காலி, தலிப் சிங் ராணா, இமாச்சல்ல ஒரு மலை கிராமத்துக்காரர், பஞ்சாப் போலீஸ்ல இருந்தவர். மே மாசம் ஜட்ஜ்மென்ட் டேல அண்டர்டேக்கர முழுசா தோக்கடிச்சாரு. நம்மள மாதிரி மலைல பொறந்தவன்டான்னு பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் எழுந்து நின்னு கத்துனாரு, அவர் அப்படி கத்தி நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. 2007 ஜூலைல காலி உலக சாம்பியன், இந்தியால பொறந்து அத வாங்குன முதல் ஆளு. வளந்த பெறகு திரும்பப் பாத்தா தான் தெரியுது, காலியால வேகமா நகரக் கூட முடியாது, புடி தெரியாது, அந்த மேட்ச முழுக்க தாங்குனது அண்டர்டேக்கர். ஒவ்வொரு அடிக்கும் மலை சரிஞ்ச மாதிரி விழுந்தாரு. அவர் விழுந்த விதத்துல தான் காலி பெரிய ஆள் ஆனாரு, கோத்தகிரில ஒரு லயன் வீட்ல பன்னெண்டு பசங்க நெஞ்ச நிமித்துனாங்க.

2014 ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ், ரெசில்மேனியா 30. நமக்கு அது திங்கக்கெழம காலைல. அண்டர்டேக்கர், 1991ல ஜிம்மி ஸ்னூகால ஆரம்பிச்சு ரெசில்மேனியால மட்டும் 21 மேட்ச், ஒண்ணுல கூட தோக்காதவர். எதிர்ல பிராக் லெஸ்னர். தோள்ல தூக்கி சுத்திப் போடுற தன்னோட எஃப் ஃபைவ் அடிய லெஸ்னர் மூணாவது தடவ போட்டு பின் பண்ணப்ப மூணு எண்ணுனாங்க. ரொம்ப நேரம் பாட்டு கூட போடல, 75,000 பேர் இருந்த எடத்துல அப்படியே நிசப்தம், கண்ணாடி போட்ட ரசிகர் ஒருத்தர் வாயப் பொளந்து நின்ன படம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அப்புறம் திரைல 21-1னு வந்துச்சு. புரூனோ விழுந்தப்ப இருந்த அதே அமைதி. நான் கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறப்ப கூட்டாளி ஒருத்தன் போன் பண்ணி "மச்சான், தோத்துட்டாருடா"ன்னான், யாருன்னு கேக்கல நான், பஸ் ஒண்ணு போனதையும் பாக்கல. தோக்கணுமா வேண்டாமா, லெஸ்னருக்கு அது தேவையான்னு எவ்வளவோ சண்டை போட்டிருக்கோம், புதுசா வளர்ற ஒருத்தருக்கு கொடுத்திருக்கணும்னு தான் இன்னைக்கும் என் எண்ணம். ஆனா 49 வயசுல, கொடுன்னு கேட்டப்ப கொடுத்தாரு.

அன்னைக்கு ராத்திரி அந்த மேட்ச செல்போன்ல அப்பாயிக்கு காட்டுனேன். கண்ணு அவ்வளவா தெரியாது அப்போ, போன மூஞ்சி கிட்ட வச்சு பாத்தாங்க. அவர் தனியா எந்திரிச்சு, தள்ளாடி தள்ளாடி அந்த நீள வழில நடந்து போறத மட்டும் முழுசா பாத்துட்டு, "பெரியவருக்கு அடி பட்டிருக்குடா, நடக்குறது நடிப்பு இல்ல, கூட யாராச்சும் போனாங்களா"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்போ தெரியல. பின்னாடி அண்டர்டேக்கரே பேட்டில சொன்னாரு, மேட்ச்லயே தலைல பலமா அடி பட்டு அந்த நாளே ஞாபகம் இல்லையாம், உள்ள போனதும் சரிஞ்சிருக்காரு, ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிருக்காங்க. ஷோ இன்னும் முடியல, மெயின் மேட்ச் பாக்கி இருக்கு. மான்ட்ரியால்ல மணிய அடின்னு கத்துன அந்த வின்ஸ் மக்மேன், ரெசில்மேனியாவ அப்படியே விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு போயிட்டாரு.